தம்பியின் செருப்போடு பூனை நோய் சிறுத்தைக் குட்டிவரை போகுமா?

பொதிகைச்சாரல், கல்லிடைக்குறிச்சி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் இதுவரை படித்ததோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அப்பளம் போடுகிறோம். பாட்டி காலத்திலிருந்து இதுதான் பிழைப்பு. பின்கட்டில் எப்போதும் உளுந்து மூட்டை இருக்கும். மூட்டைக்கு எலி வரும், எலிக்காகப் பூனை வளர்ப்போம். இப்போது இருக்கும் தாய்ப்பூனைக்குச் செவலை என்று பெயர். சித்திரைக் கடைசியில் மூன்று குட்டி போட்டது. எந்தப் பூனைக்கும் இதுவரை தடுப்பூசி போட்டதில்லை. போட வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி ஒரு நாள் லீவில் வந்தான். அவன் வேறு மாவட்டத்தில் ஓர் உயிரியல் பூங்காவில் தினக்கூலிக்கு வேலை பார்க்கிறான். தாயில்லாமல் வந்து சேர்ந்த இரண்டு சிறுத்தைக் குட்டிகளுக்குப் பால் கொடுப்பது, கூண்டு கழுவுவது எல்லாம் அவன்தான். வீட்டுக்கு வந்தால் முதலில் பூனைக்குட்டியைத்தான் தூக்குவான். அன்றும் மூன்றையும் மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பின்கட்டிலேயே உட்கார்ந்திருந்தான். ராத்திரி பஸ் ஏறி, திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை ஒரு குட்டி சாப்பிடவில்லை. நுரை நுரையாக மஞ்சளாக வாந்தி எடுத்தது. அப்புறம் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய் அதன் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தண்ணீரையே பார்க்கிறது, ஆனால் குடிக்கவில்லை. நான் விரலில் தொட்டு வாயில் வைத்தால்கூட நாக்கு நீளவில்லை. ராத்திரி பத்து மணிக்கு எழுந்து பார்த்தேன், அதே இடத்தில் அதே மாதிரி இருந்தது. மீசை மயிர் மட்டும் தண்ணீரில் நனைந்து கிடந்தது. விடியும்போது செத்துவிட்டது. மறுநாள் இரண்டாவதும் போய்விட்டது. மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளை அணு ரொம்பக் குறைந்துவிட்டது, இது பேன்லூகோபீனியா, பூனைகளுக்கு வரும் பார்வோ வைரஸ் நோய் என்றார். இப்போது தினமும் கொண்டுபோய் டிரிப் ஏற்றுகிறோம்.

என் கேள்வி இதுதான். இந்த நோய் தம்பியின் கை வழியாகவோ சட்டை வழியாகவோ செருப்பு வழியாகவோ அந்தச் சிறுத்தைக் குட்டிகளுக்குப் போகுமா? அவன் வந்த அன்று எங்கள் குட்டிகள் நன்றாகத்தான் விளையாடின. அவன் போட்டிருந்தது தோல் செருப்பு. வேலையில் கொடுத்த கம்பூட் கிழிந்துவிட்டது, இரண்டு மாதமாகச் சொந்தச் செருப்போடுதான் கூண்டுக்குள் போகிறேன் என்று அன்றைக்குத்தான் சொன்னான்.

அவனிடம் இன்னும் நான் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவான். மேலே சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு எல்லோருமாகப் போவதாக இருக்கிறோம், அதற்கும் அவன் வருவான். அம்மாவோ, செவலையைச் சாக்கில் கட்டி மலையடியில் விட்டுவிட்டு வீட்டைக் கழுவிவிடு என்கிறாள். எனக்கு எதுவும் ஓடவில்லை.

•

வி.கே.புரம் வாசி

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. எங்கள் வீட்டுப் பூனையும் போன வருடம் இப்படித்தான் கிண்ணத்துப் பக்கத்திலேயே கிடந்து செத்தது. விஷம் வைத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டோடு சண்டைகூடப் போட்டோம்.

பூனை நோய் பூனையோடு போய்விடும் என்றுதான் நான் கேள்விப்பட்டது. சிறுத்தைக்கெல்லாம் வருமா? ஃபினாயில் ஊற்றி வீட்டை இரண்டு தடவை கழுவி விடுங்கள். தம்பியைக் கையில் சானிடைசர் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், போதும். பூங்காவில் எதுவும் சொல்ல வேண்டாம் என்பது என் எண்ணம். தினக்கூலி வேலை, ஒரு வார்த்தையில் போய்விடும். வீட்டில் கஷ்டம் இருக்கும்போது எதற்கு வம்பு?

•

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், பாளையங்கோட்டை

தாயி, இதைப் படித்தவுடன் தம்பிக்குப் போன் போடு. மற்றதை அப்புறம் படிக்கலாம். “வீட்டுக் குட்டிகளுக்குப் பேன்லூகோபீனியா, டாக்டர் உறுதி செய்துவிட்டார், நான் ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் தூக்கினேன், அதே செருப்போடு கூண்டுக்குள் போனேன்.” இதை அப்படியே அவன் பூங்கா மருத்துவரிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும். நாளை என்று தள்ளாதே.

போட்டுவிட்டாயா? சரி, இப்போது விவரமாகச் சொல்கிறேன்.

வி.கே.புரம் தம்பி நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார், ஆனால் மூன்று விஷயத்திலும் நான் மாறுபடுகிறேன். இந்த வைரஸுக்கு வீட்டுப்பூனை, காட்டுப்பூனை, சிறுத்தை, புலி, சிங்கம் என்ற பேதம் கிடையாது. பூனைக் குடும்பம் முழுவதுக்கும் வரும். 2023 ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பர் முதல் வாரத்திலுமாகப் பெங்களூரு பன்னேர்கட்டா பூங்காவில் 7 சிறுத்தைக் குட்டிகள் இதே பேன்லூகோபீனியாவில் இறந்தன. அவற்றுக்குத் தடுப்பூசியும் போட்டிருந்தது.

தடுப்பூசி போட்டும் ஏன் என்று கேட்பாய். பொதுவாக ஒரு காரணம் சொல்லலாம். குட்டி சீம்பால் குடிக்கும்போது தாயின் எதிர்ப்புச் சக்தி அதன் உடம்புக்குள் வந்துவிடும். அது இருக்கும் வரை நாம் போடும் ஊசி மருந்தையும் அதுவே அழித்துவிடும். வாரம் ஆக ஆகத் தாய் கொடுத்தது குறையும். நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதும் என்கிற மாதிரி சில வாரங்கள் நடுவில் வரும். அந்தச் சமயத்தில் வைரஸ் வந்தால் குட்டி மாட்டிக்கொள்ளும். அதனால்தான் வீட்டுப்பூனைக்கே 8 வாரத்தில் ஒன்று, 12 வாரத்தில் ஒன்று, 16 வாரத்தில் ஒன்று என்று திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறோம். ஒன்று போட்டதோடு நிறுத்திவிட்டால் அந்த இடைவெளி அடைபடாது. அந்த இரண்டு சிறுத்தைக் குட்டிகளும் தாயில்லாதவை என்கிறாய். சீம்பால் குடித்தனவா என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. அதுதான் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

அடுத்தது செருப்பு. வைரஸிலே இரண்டு சாதி உண்டு. கொரோனா மாதிரி சிலவற்றுக்கு மேலே கொழுப்பால் ஆன ஒரு சட்டை இருக்கும். சோப்பும் சானிடைசரும் அந்தச் சட்டையைக் கரைத்துவிடும், வைரஸ் செத்துவிடும். பார்வோவுக்கு அந்தச் சட்டையே கிடையாது. சானிடைசர் அதை ஒன்றும் செய்யாது. மலம் ஒட்டிய மண்ணில், தரைப் பிளவில், சாக்கில் ஒரு வருடம்கூட உயிர்ப்போடு கிடக்கும். வெயில் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். நோய் பிடித்த பூனை, வாந்தி பேதி தொடங்கும் முன்பே மலத்தில் வைரஸை விட ஆரம்பித்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை குட்டிகள் நன்றாக விளையாடின என்பதை வைத்து நாம் ஆறுதல் கொள்ள முடியாது. பிழைத்த பூனை ஆறு வாரம் வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.

தோல் செருப்பில் துளை இருக்கும், தையல் இருக்கும். எதை ஊற்றினாலும் உள்ளே போய்ச் சேராது. அந்தச் செருப்பை எரித்துவிடச் சொல். விலை எவ்வளவு ஆனாலும் போகட்டும்.

வீட்டுக்கு ஃபினாயில் வேண்டவே வேண்டாம். பார்வோவுக்கு அதை நம்ப முடியாது. அதைவிட முக்கியம், ஃபினாயிலும் டெட்டாலும் பூனைக்கே விஷம். நம் கல்லீரலும் நாயின் கல்லீரலும் அந்த மருந்தை முறித்து வெளியே தள்ளும், பூனையின் கல்லீரலுக்கு அந்த வசதி இல்லை. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே போதும். நோயில் பிழைத்த குட்டி ஃபினாயிலில் போய்விடக் கூடாது.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் சோப்புத்தூள் போட்டு மண்ணும் மலமும் போகத் தேய்த்துக் கழுவு. அழுக்கு இருந்தால் ப்ளீச்சின் வீரியம் அதிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் கடையில் விற்கும் திரவ ப்ளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, தரை நன்றாக நனையும்படி ஊற்றிப் பத்து நிமிடம் விடு. ப்ளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால் லிட்டருக்கு 5, 6 கிராம், அதுவும் புதிதாகப் பிரித்த பாக்கெட்டாக இருக்கட்டும். பழைய பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும். பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் அலசிவிட்டுத்தான் பூனையை விட வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிடோடு ப்ளீச்சைச் சேர்த்துவிடாதே, விஷவாயு கிளம்பும். குட்டிகள் படுத்திருந்த சாக்கு, துணி எல்லாவற்றையும் எரித்துவிடு. நீங்கள் அப்பளம் போடும் வீடு என்பதால் இதையும் சொல்கிறேன்: இந்த நோய் மனிதருக்கு வராது, பயப்படாதே. ஆனாலும் மாவு பிசையும் இடத்துக்கும் பின்கட்டுக்கும் தனித்தனிச் செருப்பு வைத்துக்கொள்.

கடைசியாக, செவலையைச் சாக்கில் கட்டும் யோசனை. அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல். இருக்கிற வழிகளிலேயே மோசமான வழி அதுதான். உன் வீட்டுக்கு மேற்கே ஏறினால் களக்காடு முண்டந்துறை. 1988-லிருந்து அது புலிகள் காப்பகம். அடிவாரத்து ஊர்களில் இறங்கும் சிறுத்தை முதலில் பிடிப்பது நாயையும் பூனையையும்தான். நோயுள்ள பூனையைக் கொண்டுபோய் அங்கே விடுவது என்பது, அதன் வாயில் ஊட்டிவிடுகிற மாதிரி. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் பூமா வகைக் காட்டுப்பூனைகள் உண்டு, சுமார் நூறுதான் இருந்தன. 2001-லிருந்து 2004 வரை பூனைகளின் லுகீமியா வைரஸ் அவற்றுக்குள் புகுந்து ஐந்து இறந்தன. வைரஸின் மரபை ஆராய்ந்தபோது அது வீட்டுப்பூனையின் வைரஸ் என்று தெரிந்தது. அப்புறம் காட்டில் இருந்தவற்றைப் பிடித்துப் பிடித்துத் தடுப்பூசி போட்டார்கள்.

லுகீமியா வைரஸ் செருப்பில் வராது, வெளியே வந்தால் சீக்கிரம் செத்துவிடும். எச்சில், கடி, நக்கல் வழியாகத்தான் போகும். பூனைச் சளி உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸும் ஈரத்தில் ஒரு நாள்கூடத் தாங்காது. அதே சளியைத் தரும் கலிசி வைரஸ் சில வாரம் தாங்கும். பார்வோதான் எல்லாவற்றிலும் கெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி, அதனால் எல்லா வழியையும் அடைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் வின்ஸ்டன் என்ற ஊரில் ஒரு சஃபாரிப் பூங்கா. 1982, 83 வாக்கில் அங்கே சீட்டா என்கிற சிவிங்கிப்புலிகளுக்குப் பூனைகளின் கொரோனா வைரஸ் பரவியது. நம்முடைய 2020 கொரோனா வேறு, இது வேறு. சுமார் 60 சதவீதம் செத்துப்போயின. அதே பூங்காவில் இருந்த சிங்கங்கள் நோயாகவில்லை. சிவிங்கிப்புலிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே மரபு, ஒன்றை வீழ்த்திய வைரஸ் மற்றவற்றையும் சுலபமாகப் பிடித்துக்கொண்டது. கூண்டில் இருக்கும் மிருகம் ஓடி ஒளிய முடியாது தாயி. நோய் வரும் வழியில்தான் அது படுத்திருக்கிறது. அதற்காக நாம்தான் பார்த்து நடக்க வேண்டும்.

முப்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டேன். ஒரு பூனைக்குத் தடுப்பூசி போடுங்கள் என்று எந்த வீட்டிலும் நான் சொன்னதில்லை. கேட்டும் யாரும் வந்ததில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மூன்றாவது குட்டிக்கு டிரிப்பை நிறுத்தாதே. முதல் ஐந்து நாள் தாண்டிவிட்டால் நம்பிக்கை உண்டு. சந்தேகம் இருந்தால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோ.

•

சேரன்மகாதேவிக்காரி

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும் டாக்டர் ஐயா. எங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பூனை ஒன்று இருக்கிறது. பிறந்ததிலிருந்தே குடித்தவன் மாதிரி தள்ளாடித்தான் நடக்கும். சாப்பிடக் குனிந்தால் தலை ஆட ஆரம்பித்துவிடும், மூக்கு சோற்றில் இடிக்கும். அதற்காகத் தட்டைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்திருக்கிறேன். அதோடு பிறந்த மற்ற இரண்டும் அப்போதே இறந்துவிட்டன. அதுவும் இதே நோயா? அதனிடமிருந்து பரவுமா?

•

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், பாளையங்கோட்டை

பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் சொல்வது அப்படியே பொருந்துகிறது. தாய் சினையாக இருக்கும்போது இந்த வைரஸ் வந்தால் குட்டியின் சிறுமூளை வளராமல் போய்விடும். நடையும் குறியும் தப்பும். அதற்கு வலி கிடையாது, நாள் ஆக ஆக மோசமாவதும் இல்லை. இரண்டு வயதான பூனையிடமிருந்து இனிப் பரவாது. உயரத்தில் ஏற விடாதீர்கள், தட்டை உயர்த்தி வைத்தது சரியான காரியம். சினைப்பூனைக்கு, வீரியம் குறைத்த வைரஸ் இருக்கும் உயிருள்ள தடுப்பூசி போடக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். ஊசி போடும் முன் சினை என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

•

நாங்குநேரிக்காரன்

அக்கா, நானும் ஒரு பூங்காவில் பதினோரு வருடம் கூண்டு கழுவியவன். இப்போது ஊரில் வாழை போட்டிருக்கிறேன். உங்கள் தம்பியின் நிலைமை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

“சொல்லாதே” என்கிற யோசனையை மட்டும் கேட்காதீர்கள். நாங்கள் வேலை பார்த்த இடத்திலும் கம்பூட் கிழிந்தால் அடுத்தது வர மாதக்கணக்காகும். கால் நனைக்கும் தொட்டியில் பெர்மாங்கனேட் போடுவோம், காலையில் ஊதாவாக இருக்கும், மத்தியானத்துக்குள் சாயம் போய்ப் பழுப்பாகிவிடும். பழுப்பானால் அதில் மருந்து இல்லை என்று அர்த்தம். அதை மாற்றச் சொல்ல ஆள் கிடையாது, நாங்களும் அதிலேயே காலை வைத்துவிட்டு உள்ளே போவோம்.

ஊர்ப்பூனை உள்ளே வருவதும் சாதாரணம். கூண்டில் மிச்சம் கிடக்கும் இறைச்சிக்கும், தீவனக் கிடங்கில் திரியும் எலிக்கும் வரும். ஒரு நாள் விடிகாலையில் புலியின் இரவு அறைக் கதவைத் திறக்கப் போனபோது, கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு சாம்பல் பூனை உட்கார்ந்து எலும்பு நக்கிக்கொண்டிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் புலி படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு முழ தூரம் இருக்கும். அன்றைக்கு அது எனக்கு அழகான காட்சியாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த டாக்டரம்மா முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தபின்தான் விஷயம் புரிந்தது. அந்த வாரமே கிடங்குக்குக் கம்பிவலை அடிக்க வைத்தார்கள், மிச்ச இறைச்சியைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

நாங்கள் வேலை செய்யும் வரிசையும் அவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான். முதலில் குட்டிகள், அடுத்தது பெரியவை, நோயாக இருப்பது கடைசி. ஒரு தடவை நோய்க்கூண்டுக்குள் போய்விட்டால் அன்று குட்டிகள் பக்கம் திரும்பவே கூடாது. தம்பிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆனால் வீடும் நோய்க்கூண்டு ஆகலாம் என்பது எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. 2021 ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்து, நீலா என்ற பெண் சிங்கம் இறந்த பிறகுதான் எங்கள் இடத்தில் “வீட்டில் யாருக்காவது காய்ச்சலா” என்று கேட்க ஆரம்பித்தார்கள். “வீட்டுப் பூனைக்கு உடம்பு சரியில்லையா” என்று அப்போதும் கேட்கவில்லை.

தம்பி சொன்னால் வேலை போகும் என்று பயப்படுகிறீர்கள். அவன் கையால் பால் குடித்த குட்டி, அவன் கொண்டுபோன நோயில் செத்தால், அதற்கப்புறம் அந்தக் கூண்டுப் பக்கம் அவனால் போக முடியாது. எங்களோடு வேலை பார்த்த ஒருவர், தான் வளர்த்த மிருகம் இறந்தபோது மூன்று நாள் சாப்பிடவில்லை. சொல்லச் சொல்லுங்கள் அக்கா.

•

வி.கே.புரம் வாசி

டாக்டர் ஐயாவும் நாங்குநேரி அண்ணாச்சியும் சொன்னதைப் படித்தேன். நான் தவறாகச் சொல்லிவிட்டேன் அக்கா, என் யோசனையைத் தள்ளிவிடுங்கள். ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் தெருவில் நாய்கள்தான் அதிகம். நாயிடமிருந்தும் இப்படிப் போகுமா?

•

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், பாளையங்கோட்டை

போகும் தம்பி. நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸ் 1994-ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கை வாரிக்கொண்டு போனது. 2018-ல் குஜராத் கிர் காட்டில் இறந்த சிங்கங்களிலும் அதே வைரஸைக் கண்டார்கள். நாய்ப் பார்வோ இருக்கிறதே, அது இந்தப் பூனைப் பார்வோவுக்கு நெருங்கிய உறவு. 1970-களின் கடைசியில்தான் அது உலகத்தில் தோன்றியது. அதன் பிறகு வந்த வகைகள் பூனைக்கும் தொற்றும். உங்கள் தெரு மலைக்கு வெகு பக்கம். ஜூலை 6 அன்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம் போடுவார்கள், எல்லோரும் நாயைக் கொண்டுவருவார்கள். அதோடு திரும்பிவிடாமல் டிஸ்டெம்பர், பார்வோ ஊசியையும் கேட்டுப் போடுங்கள்.

•

பொதிகைச்சாரல், கல்லிடைக்குறிச்சி

மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

டாக்டர் ஐயாவின் முதல் பத்தியைப் படித்த உடனே தம்பிக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் அவன் பேசவே இல்லை. அப்புறம் “எத்தனை குட்டிக்கா போச்சு?” என்று மட்டும் கேட்டான். அன்று மத்தியானமே பூங்கா டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவர் திட்டவில்லையாம். அவனைக் குட்டிகள் பக்கமிருந்து எடுத்து மான்கள் பக்கம் மாற்றினார். கூலியும் பிடிக்கவில்லை. செருப்பைப் பின்பக்கம் எரித்திருக்கிறார்கள். குட்டிகள் இருந்த அறையை இரண்டு முறை கழுவி, தினமும் இரண்டு வேளை காய்ச்சல் பார்த்து, 14 நாள் யாரையும் பக்கத்தில் விடாமல் வைத்திருந்தார்கள். தம்பி ஒவ்வொரு ராத்திரியும் எனக்குப் போன் போடுவான். “இன்னைக்குப் பால் குடிச்சுதாம்” என்பான், அவ்வளவுதான் பேச்சு. நான்காவது நாள் ஒரு குட்டி பாதிப் பால் வைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு அன்று நாங்கள் இரண்டு பேரும் தூங்கவில்லை. மறுநாள் முழுதும் குடித்துவிட்டது. 14 நாள் முடிந்தது. இரண்டும் நன்றாக இருக்கின்றன. கம்பூட்டும் புதிதாக வந்துவிட்டது, ஐந்து பேருக்கும்.

அமாவாசைக்குத் தம்பி வந்தான், ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. ரப்பர் செருப்பு ஒன்று புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு நேராகக் காரையாறு வந்து சேர்ந்தான். நாங்கள் வீட்டிலிருந்து துவைத்துக் காயவைத்த துணியோடு போனோம். அம்மா அவனைத் தொடலாமா கூடாதா என்று என்னைக் கேட்டாள். ஆற்றில் குளித்துவிட்டு வந்து தொடு என்றேன். குளித்துவிட்டு வந்து அவன் தலையைத் துவட்டிவிட்டாள்.

மூன்றாவது குட்டி பிழைத்துவிட்டது. ஆறாவது நாள் காலையில் அதே கிண்ணத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. பார்த்துக்கொண்டே நின்றேன். நாக்கை நீட்டித் தண்ணீரை நக்கியது. நாலு நக்கு நக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. இன்னும் மூன்று வாரம் அதையும் செவலையையும் பின்கட்டை விட்டு வெளியே விடுவதில்லை. செவலைக்கு டாக்டர் ஊசி போட்டுவிட்டார், குட்டிக்கு உடம்பு தேறியதும் மற்ற நோய்களுக்குப் போட வேண்டும் என்றிருக்கிறார். செவலைக்குக் கருத்தடை செய்யவும் நாள் கேட்டிருக்கிறேன்.

நேற்றுப் பக்கத்துத் தெரு அக்கா ஒரு குட்டி தருகிறேன், துணைக்கு வைத்துக்கொள் என்றாள். பின்கட்டுத் தரையில் பழைய செங்கல், பிளவு நிறைய. ப்ளீச் எவ்வளவு போயிருக்கும் என்று தெரியவில்லை. அந்தக் குட்டிக்கு 16 வாரம் ஆகி, மூன்று ஊசியும் போட்ட பிறகு கொடு, ஊசிச் செலவு என்னுடையது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதுவரை உளுந்து மூட்டையைத் தகர டின்னில் கொட்டி வைத்திருக்கிறோம்.